வெளியே போடும் தாழ்ப்பாள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் ஹாஸ்டலில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். சின்னவளைப் பற்றித்தான் அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல், அடிவயிற்றில் வலி. டாக்டரம்மா பார்த்துவிட்டு, தண்ணி குடிக்காம அடக்கிக்கிட்டே இருந்தா இப்படித்தான் கிருமி தங்கும், ஏன்டா கண்ணு, ஸ்கூல்ல பாத்ரூமே இல்லையா என்று சிரித்தபடி கேட்டார். வீட்டுக்கு வந்து நான் கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் இவள் சொன்னாள். கழிவறைக்குள் இவள் போனதும் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்களாம். ஏய் ஊமைக்கோட்டான், கத்திக் காட்டுடி, திறந்து விடறோம் என்று கதவைத் தட்டிச் சிரிப்பார்களாம். உனக்குத்தான் தெரியுமே, இவள் அடித்தாலும் கத்தமாட்டாள். மணி அடிக்கும்வரை உள்ளேயே நிற்பாளாம். அப்பா வழக்கம்போல, பிள்ளைங்க சண்டை, சாயங்காலம் சேந்துக்கும் என்றார்.

நான் செய்த காரியத்தைக் கேள், படித்தவள் என்று பேர்தான். அந்தக் கூட்டத்தின் தலைவியைப் பள்ளி வாசலில் பார்த்து, ஒரு பாக்கெட் சாக்லேட்டைக் கையில் கொடுத்து, எங்க பாப்பாவ நீதான்டா பாத்துக்கணும் என்றேன். சரி ஆன்ட்டி, பாத்துக்கறேன் என்று பூப்போலச் சிரித்தாள். அன்றிலிருந்து இவள் சாக்லேட் கொண்டுபோனால் கதவு திறந்திருக்கும், இல்லாவிட்டால் தாழ்ப்பாள். உங்கம்மாவே எங்களுக்குப் பயப்படறாங்கடி என்றாளாம். நேற்றுதான் இவள் இதையும் சொன்னாள். அடுத்தவள் நடுங்குவதைப் பார்க்கத்தான் இத்தனையும் என்று எனக்கு உறைக்கவில்லை, நானே போய் நடுங்கிக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

நாளை அப்பாவையும் இழுத்துக்கொண்டு தலைமையாசிரியையைப் பார்க்கப் போகிறேன். வெளித் தாழ்ப்பாளைக் கழற்றுங்கள், இடைவேளையில் அங்கே ஒரு ஆளை நிறுத்துங்கள் என்று கேட்காமல் வரமாட்டேன். வராதம்மா, நீ வந்துட்டுப் போனதும் மாட்டறது நான்தான் என்று இவள் அழுகிறாள். போகவும் பயம், போகாமலிருக்கவும் பயம்.

நீ ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடு. திருப்பி அடிடி என்று மட்டும் சொல்லிவிடாதே, எதையும் கிண்டிக் கேட்கவும் வேண்டாம். ஊர்க்கதை பேசிக்கொண்டிரு, தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்.

இன்னொன்று. இத்தனை நாளும் இவள் பையை மாட்டிக்கொண்டு சிரித்த முகமாகத்தான் கிளம்பினாள், பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. நீயோ அத்தனை தூரத்தில் இருக்கிறாய். நல்லா இருக்கேன்மா என்று நீ சொல்லும்போதெல்லாம் இனி இன்னொரு தரம் கேட்பேன். அங்கே உனக்கு ஏதாவது என்றால் மறைக்காதே, நான் ஏடாகூடமாக எதையாவது செய்து வைத்தாலும் பரவாயில்லை, என்னிடம் சொல்லிவிடு.

எந்தக் கஷ்டமும் உன் பக்கம் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். பதில் போடு.

உன் அம்மா