எந்தப் புருவத்தில் தழும்பு

ராயபுரம்
நவம்பர் 1999

குவைத்தில் இருக்கும் என் ஃப்ளோரன்சுக்கு, உன் புருஷன் இன்னாசி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் மகள் சாண்ட்ராவும் நல்ல சுகம். நீயும் நீ வேலை செய்கிற வீட்டு மேடமும் அந்த வாண்டுகளும் அதே மாதிரி இருக்க வேண்டும். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அஞ்சாம் கிளாஸ் வாத்தியார் போட்ட அடி இப்போதுதான் வேலை செய்கிறது.

உன் கடிதம் வந்தது. மேடம் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறாள், இருக்கவா வரவா என்று கேட்டிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இங்கே நடக்கிற கூத்தைக் கேள்.

ஓவியக் கல்லூரியில் உன் மகளுக்கு இது கடைசி வருஷம். பழைய காலத்து ஓவியர் ஒருவரைப் பற்றி எழுதி, அவர் வழியிலேயே ஆட்களை உட்கார வைத்துப் படமும் போட வேண்டுமாம். மற்ற பிள்ளைகள் எல்லாம் பெரிய மீசைக்காரர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். இவள் பிடித்தது முந்நூறு வருஷத்துக்கு முன் லண்டனில் இருந்த ஒரு அம்மாவை. பேரைச் சொன்னாள், என் வாயில் நிற்கவில்லை. லண்டன் அக்கா என்று நானே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் என்னைத் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார வைத்துவிடுகிறாள். ஆடக்கூடாது, பேசக்கூடாது. நான் பேசாமல் இருக்கிற ஆளா? என் வாயை அடைக்க அவள் அந்த அக்கா கதையைச் சொல்லிக்கொண்டே போடுவாள்.

அந்த அக்கா பாதிரியார் மகளாம். பயப்படாதே, அவர்கள் சபையில் பாதிரியாருக்குக் கல்யாணம் உண்டு. புருஷனுக்கு அரசாங்க உத்தியோகம். அது போய்விட்டது. பிளேக் வேறு வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கு ஓடினார்கள். நோய் அடங்கியதும் திரும்பி வந்து, பொண்டாட்டிக்காரி ஆட்களின் முகத்தைப் படமாக எழுதிச் சம்பாதிக்க ஆரம்பித்தாள். சீமாட்டிகளும் பெரிய பெரிய பாதிரிமாரும் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார்களாம். புருஷன் என்ன செய்தான்? கலர் அரைத்தான், படம் போடுகிற துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினான், வந்தவர்களுக்குப் பேச்சுக் கொடுத்தான், என் பொண்டாட்டி மாதிரி உண்டா என்று ஊரெல்லாம் பீற்றினான். ஓய்ந்த நேரத்தில் அவள் புருஷன் முகத்தையே திரும்பத் திரும்ப எழுதினாளாம். அவன் அழகு என்பதால் இல்லை, கூப்பிட்டால் வந்து சும்மா உட்காருவான் என்பதால் என்றாள் சாண்ட்ரா. எனக்கு அது நம்பும்படியாக இல்லை.

நான் உட்கார்ந்திருப்பதைப் பக்கத்து வீட்டு கெங்கம்மா எட்டிப் பார்த்து, “இன்னா நைனா, பொஞ்சாதி கடல் தாண்டி சம்பாரிக்குது, நீ டிரம்மு மேல சாமி மாரி குந்திகினுகீறே?” என்றாள். “லண்டன்லயே இதான்மே வயக்கம், தெரிஞ்சிக்கோ” என்றேன். அன்றிலிருந்து தெருவில் எனக்கு டிரம் சாமி என்று பேர். ஹார்பர் வரைக்கும் போய்விட்டது.

இன்னொன்று, நீ திட்டுவாய். லண்டன் புருஷன் செலவைக் குறைக்க மெத்தைத் துணியிலும் வெங்காய மூட்டைச் சாக்கிலும் படத்துணி செய்து பார்த்தானாம். அதைக் கேட்டதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. நம் மெத்தையில் நீ படுக்கிற பக்கத்து உறையை அறுத்தேன். கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற சௌக்கத் அலியிடம் துருப்பிடிக்காமல் பூசுகிற சிவப்பு பிரைமர் வாங்கி இரண்டு கோட்டு இழுத்தேன். தகரம் மாதிரி விறைத்து நின்றது. சாண்ட்ரா பார்த்துவிட்டு, “இன்னாப்பா, இதுல படம் போடவா, ஹார்பர்ல மெதக்க வுடவா?” என்றாள். லேசாக வளைத்தாள். பொலபொலவென்று உதிர்ந்தது. மிச்சத் துணிக்கு அவளே பசையும் சுண்ணாம்புத் தூளும் கலந்து பூசிக்கொண்டாள். மெத்தையில் உன் பக்கம் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. நான் என் பக்கத்தோடு அடங்கிப் படுக்கிறேன்.

என் படம் முடிந்தது. மூக்கு விஷயத்தில் மட்டும் எனக்கு நியாயம் கிடைக்கவில்லை. அந்த மிச்சத் துணியில் உன்னைப் போட ஆரம்பித்தாள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவை வைத்துத்தான். அதில் உன் முகத்தைத்தான் ஸ்டுடியோக்காரன் டச்சப் பண்ணி அப்பளமாக்கி வைத்திருக்கிறானே, அடிபம்பு கைப்பிடி பட்ட புருவத் தழும்பையும் அழித்துவிட்டான். லண்டன் அக்கா இருக்கிற முகத்தை இருக்கிறபடிதான் போடுவாளாம், தழும்பு இல்லாவிட்டால் அது அம்மாவே இல்லை என்கிறாள் உன் மகள். “எந்தப் பக்கம்பா?” என்று கேட்டாள்.

இடது என்று அடித்துச் சொன்னேன். இல்லை, வலது என்றாள் அவள். அன்றைக்குப் பம்பில் உனக்குப் பின்னால் குடத்தோடு நின்ற கெங்கம்மாவைக் கூப்பிட்டோம். அவள் தன் புருவத்தில் இந்தப் பக்கம் கை வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள், “தே, என்னியும் கொயப்பிட்டீங்க” என்று போய்விட்டாள். உன்னை சைக்கிளில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனவன் நான். அன்றைக்கு முகமெல்லாம் ரத்தம், பக்கம் பார்க்கத் தோன்றவில்லை. அதற்கப்புறம் எத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தேன், அப்போதும் பார்த்து வைக்கவில்லை பார்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் பிரஷ் கழுவப் போன சாண்ட்ரா நெடுநேரம் வரவில்லை. நீ போகும்போது ரெட்டைச் சடையோடு நின்றவள். நானும் டிரம்மை விட்டு எழுந்திருக்கவில்லை.

பூத்துக்குப் போய் உனக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

மேடம் கேட்டதற்கு வருகிறேன். அவள் நல்லவள் என்று எழுதுகிறாய், சந்தோஷம். மகள் படித்தது உன் உழைப்பில். இருக்கிறேன் என்றாலும் நான் முகம் சுளிக்க மாட்டேன், லண்டன் புருஷன் மாதிரி இங்கே பீற்றிக்கொண்டு கிடப்பேன். முடிவு உன் கையில்.

ஆனால் உன் படம் அடுப்படிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. புடவை முடிந்தது. காது முடிந்தது. உதட்டில் சிரிப்புகூட வந்துவிட்டது. புருவம் இரண்டும் வெறும் வெள்ளையாக இருக்கிறது. பரீட்சை ஏப்ரலில். டிரம்மைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், நான் இனி அதில் உட்காருவதில்லை.

எந்தப் பக்கம் என்று பதிலில் மட்டும் எழுதிவிடாதே, ஃப்ளோரா. வந்து காட்டு. மாதா உன் கையைப் பிடித்து நடத்தட்டும்.

உன்
டிரம் சாமி இன்னாசி