உங்கள் கொக்கியில் தொங்கிய பாட்டில்

அக்கா,

இன்று காலை வீட்டில் சமையல் எண்ணெய் காலியானது. ஐந்து கிலோ பாட்டில், பிடி வைத்தது. சிங்க்கில் வைத்துச் சுடுதண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். சோப்பும் எண்ணெயும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

இந்த வாடையோடுதான் நான் முதன்முதலில் உங்களோடு மலை ஏறினேன். ஜெலுத்தோங்கில் நம் பிளாட்டின் லிப்ட் கெட்டுப்போயிருந்த ஒரு சாயங்காலம், படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பல் கிளினிக் கவுண்டரில் நாள் முழுக்க உட்கார்ந்தே பழகிய உடம்பு. நீங்கள் மேல் மாடி அக்கா என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது. "என்னா இப்படி மூச்சு வாங்குது? ஞாயித்துக்கெழம என்கூட மலைக்கு வா. ஒரு பாட்டில் தண்ணி தூக்குவியா?" என்று கேட்டீர்கள். மலைக்குப் போக எதற்குத் தண்ணீர் தூக்க வேண்டும் என்று புரியாமலே தலையாட்டினேன்.

ஆயர் ஈத்தாம் பக்கம் அந்த மலையில் பாதி ஏறினால் ஒரு தகரக் கொட்டகை. ஏறுகிறவர்கள் அதைப் பொண்டோக் என்பார்கள். அங்கே அடுப்பு உண்டு, கோப்பைகள் உண்டு, பிஸ்கட் டின் உண்டு. தண்ணீர் மட்டும் கிடையாது. அதனால் ஏறுகிற ஒவ்வொருவரும் அடிவாரக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துச் சுமந்துபோய் மேலே இருக்கும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரில்தான் இஞ்சி தட்டிப் போட்டு, பால் சேர்க்காத தேநீரான தே ஓ கலக்குவார்கள். இறங்கும்போது காலி பாட்டிலைக் கொண்டுவந்து அடிவாரத்தில் அவரவர் கொக்கியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். யார் இறங்கிவிட்டார், யார் இன்னும் மலையில் இருக்கிறார் என்று கொக்கிகளைப் பார்த்தே சொல்லிவிடுவோம். யாரும் போட்ட சட்டமில்லை; அப்படியே வந்த பழக்கம்.

நான் என் எண்ணெய் பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை. அன்று எல்லார் கோப்பையிலும் எண்ணெய் மினுமினுத்தது. மானம் போய் நின்றேன். நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம தங்கச்சி தே ஓவ தாளிச்சிட்டா லா!" என்று போட்டீர்களே ஒரு போடு, சீன அங்கிளுக்குப் புரை ஏறிவிட்டது. மோட்டார் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு நாள் தவறாமல் மலை ஏறும் மனுஷர் அவர். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் உங்களை "அக்கா, அக்கா" என்றே கூப்பிட ஆரம்பித்தார். அவரைவிட நீங்கள் எவ்வளவோ சின்னவர்.

பிறகுதான் உங்கள் வாரம் எனக்குப் புரிந்தது. பத்து காவான் என்ற ஊரில் இருந்த உங்கள் பேக்டரிக்குக் கம்பெனி பஸ் இருட்டிலேயே வந்துவிடும். பாலம் தாண்டிப் போய், சன்னல் இல்லாத கட்டடத்தில் முகத்தை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வெயிலா மழையா என்று திரும்பி வரும்போதுதான் தெரியும் என்பீர்கள். வீட்டுக்கு வந்தால் உங்கள் வீட்டுக்கார அண்ணனுக்குச் சாப்பாடு, மகளுக்கு இஸ்திரி, அண்ணனின் அம்மாவுக்கு மருந்து. சனிக்கிழமை பாசாரில் காய்கறி, ஞாயிறு முதல் பூசைக்கு மாதா கோயில். அதற்குப் பிறகு மதியம் வரைக்கும்தான் உங்களுடைய நேரம்.

எதற்கு இப்படி ஏறுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் யோசிக்கவே இல்லை. "எல்லாருக்கும் நான் வேணும். இந்த மலைக்கு நான் வேணாம் லா. அதான் வரேன்."

ஆனால் மலை உங்களுக்கு வேண்டியிருந்தது, முக்கியமாக அதன் காளான்கள். மழை பெய்த மறுநாள் உங்களைப் பிடிக்க முடியாது. மட்கிய மரக்கட்டை எதைக் கண்டாலும் மண்டி போட்டு, போனை நீட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு படம் எடுப்பீர்கள். எங்கள் போன்களெல்லாம் உங்கள் காளான்களால் நிரம்பி வழிந்தன. பாதிப் படங்களில் உங்கள் கட்டைவிரலும் இருக்கும். "கறி வைக்கவாவது ஆகுமா இது?" என்று அண்ணன் கேட்டாராம். "எல்லாமே கறிக்குத்தானா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வந்ததாக அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். நான் இல்லாத அந்தக் காலையைப் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். முந்தின நாள் நல்ல மழை. பொண்டோக்கில் தே ஓ குடிக்கும்போது மறுபடியும் தூறல் போட்டது. உங்களுக்கு ஒரு வாரமாகத் தோள்வலி. கையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்திருக்கிறீர்கள். அதைக் கண்ட அங்கிள், தன் காலி பாட்டிலோடு சிவப்பு ரிப்பன் கட்டிய உங்கள் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் கேக் பெட்டியில் வந்த அந்த ரிப்பனை மலை ஏறுகிற எல்லாருக்கும் தெரியும். "நீங்க முன்னால போங்க அங்கிள், நான் ஆத்தோரமா காளானுக்கு ஒரு பார்வ பாத்துட்டு வரேன்" என்றீர்களாம். அவர் இறங்கினார், உங்கள் பாட்டிலை உங்கள் கொக்கியில் மாட்டினார், வீட்டுக்குப் போனார்.

ஒரு காலி பாட்டில். அதன் பாரம்கூட உங்கள் தோளுக்கு வேண்டாம் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

கடைசியாக இறங்கியவர்கள் கொக்கிகளைப் பார்த்தார்கள். எல்லாப் பாட்டில்களும் தொங்கின. மழை வலுத்ததால் ஓடிப் போய் வண்டியில் ஏறினார்கள்.

மதியம் தாசேக் கெலுகோரில் உங்கள் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதனால் அண்ணன் தேடவில்லை. தங்கையோ, மழைக்கு வரவில்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டார். சாயங்காலம் அவர் போன் செய்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அண்ணன் எங்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். கடைசியாக இறங்கியவர்களிடம் கேட்டு எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம்: பாட்டில் கொக்கியில் இருந்தது, அக்கா இறங்கிவிட்டார். நம்பாமல் என்ன செய்வது? அந்தக் கொக்கி எங்களிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அதனால் உங்களை எல்லா இடத்திலும் தேடினார்கள், மலையைத் தவிர. பஸ் நிறுத்தத்தில் தேடினார்கள். பெர்ரி ஏறும் இடத்தில் உங்கள் படத்தைக் காட்டிக் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தாசேக் கெலுகோர் ரோட்டில் உங்கள் தங்கை வீட்டுக்காரர் கெரெத்தாவை மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் பார்த்தார். போலீஸ் கேட்டபோதும் நாங்கள் அந்தப் பாட்டிலைத்தான் சாட்சி சொன்னோம்.

மறுநாள் காலை அடிவாரத்துக் கடைகளில் விசாரிக்கலாம் என்று போய் நின்றேன். அங்கிள் வழக்கம்போல் மோட்டாரில் வந்து இறங்கினார். செய்திகள் படிக்கிற போன் அவரிடம் இல்லை. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அக்காவைக் காணோம் அங்கிள், நேற்று இறங்கியதிலிருந்து காணோம் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொக்கியைப் பார்த்தார். "சாயா யாங் பாவா தூருன்" என்றார் மலாயில். நான்தான் இறக்கிக் கொண்டுவந்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தமிழிலும் சொன்னார்: "அக்கா பாட்டில், நான். அக்கா இல்ல. நான்."

மதியம் உங்களைக் கண்டுபிடித்தார்கள். ஆற்றோரப் பள்ளத்தில், பெரணிச் செடிகளுக்கு அடியில். கால் முறிந்திருந்தது, தலையில் அடி. அந்தப் பள்ளத்தில் போனுக்கு லைன் கிடைக்காது. இரவு தாண்டியும் உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இந்த ஒன்றைத்தான் அக்கா என்னால் விழுங்க முடியவில்லை. நாங்கள் பெர்ரியில் தேடிக்கொண்டிருந்தபோது நீங்கள் மழையில் எங்கள் குரலுக்குக் காத்துக் கிடந்திருப்பீர்கள். நான் வராததைப் பற்றி ஏதாவது நக்கலாக முணுமுணுத்திருப்பீர்கள் என்று கூட நினைத்துப் பார்த்தேன். உதவவில்லை.

உங்கள் இறுதிச் சடங்கில் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பேக்டரியில் செத்திருந்தால் உழைத்துச் செத்தாள் என்றிருப்பார்கள். கோயிலுக்குப் போகும் வழியில் என்றால் புண்ணியம் என்றிருப்பார்கள். மலையில் என்றதும் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். "இந்த வயசுல மலை ஏறணுமா? வீட்ல டிவி இல்லையா?" ஐம்பத்துச் சொச்சம் என்ன வயதா அக்கா? அண்ணன்கூட அழுகைக்கு நடுவே, "பொழுது போக்கப் போய் பொணமா வந்தாளே" என்றார். உங்கள் பொழுதெல்லாம் யாருக்காகப் போனது, அதில் மிஞ்சியது எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அங்கிள் மாதா கோயில் வாசலுக்கு வெளியேதான் நின்றார். அண்ணன் போய், "ஒன்னைய யாரு அத தொடச் சொன்னா?" என்று கத்தினார். அங்கிள் குனிந்த தலை நிமிரவில்லை. அத்தோடு மலை ஏறுவதையும் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரம் வரைக்கும் வருவார், மோட்டாரில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் இருப்பார், போய்விடுவார். அடுத்தவர் பாட்டிலை யாரும் தொடக்கூடாது என்று எங்களுக்குள் ஆகிவிட்டது. உங்களுடையதை மட்டும் எடுக்கவும் யாருக்கும் தைரியமில்லை. அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

உங்கள் மகள் உங்கள் போனிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். ஈரக் கட்டையில் செம்மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டிக் கோப்பைகளாகக் காளான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மழைத்தண்ணீர். நீங்கள் கடைசியாக எடுத்தது. நன்றாக வந்திருக்கிறது. கட்டைவிரல் இல்லை.

போன வாரம் போனபோது உங்கள் பாட்டில் வெயிலில் பொரிந்து, பிடி உடைந்து கீழே கிடந்தது. ரிப்பனை மட்டும் அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்று காலை அந்த எண்ணெய் பாட்டிலைக் கழுவியது அந்த ரிப்பனைக் கட்டத்தான். எண்ணெய் வாசம் துளியும் இல்லாமல் மூன்று முறை கழுவினேன், உங்களிடம் மறுபடியும் நக்கல் கேட்க எனக்கு ஆசையில்லை. இனி நீங்கள் நக்கல் செய்யமாட்டீர்கள் என்பதும் அந்த நிமிடம்தான் உறைத்தது. சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிறகு மலைக்குப் புறப்பட்டேன். அடிவாரத்தில் அங்கிள் வழக்கமான ஞாயிறுபோல் மோட்டாரில் உட்கார்ந்திருந்தார். ரிப்பன் கட்டிய புதுப் பாட்டிலை நீட்டினேன்.

"அங்கிள், இது அக்காவோடது. இன்னிக்கு நீங்க தூக்குங்க."

"நான் தொட மாட்டேன் லா."

"ஏறும்போதும் நீங்க. எறங்கும்போதும் நீங்க. நான் கூட வரேன்."

அவர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். குழாயில் நிறையப் பிடித்தார். வழியில் நின்று நின்று ஏறினார்; நான் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. பொண்டோக்கில் தொட்டியில் ஊற்றினார். இஞ்சி போட்ட தே ஓ வந்தது. இருவரும் குடித்தோம்.

இறங்கும்போது என் முழங்கால் சண்டித்தனம் செய்தது. அவர் முன்னால் போய்விட்டார். நான் அடிவாரம் வந்து சேர்ந்தபோது மற்ற எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். உங்களுடையதும் என்னுடையதும் தவிர எல்லாக் கொக்கிகளிலும் பாட்டில்கள் தொங்கின. அங்கிள் மட்டும் உங்கள் கொக்கிக்கு எதிரே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைத் தாண்டி மேலே பாதையைப் பார்த்தார்.

"இன்னும் ஆள் இருக்கா?"

"இல்ல அங்கிள். நான்தான் கடைசி."

தலையாட்டினார். ஆனாலும் மாட்டவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது. கடைசியில் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு மோட்டாரை எடுத்தார். என்னாலும் அதை மாட்ட முடியவில்லை.

இதை எழுதும்போது பாட்டில் மேசையில் என் எதிரே இருக்கிறது, ரிப்பன் இன்னும் ஈரம். அடுத்த ஞாயிறும் இதைத் தூக்கிக்கொண்டு ஏறுவோம், தூக்கிக்கொண்டு இறங்குவோம், வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். உங்கள் கொக்கி காலியாகவே இருக்கட்டும் அக்கா. அதைப் பார்க்கிறவர்கள் நீங்கள் இன்னும் மலையில்தான் இருக்கிறீர்கள் என்று நினைத்துத் தேடி வருவார்கள். அன்றைக்கு அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.