மீன் நிற்காத வலை

ஒகேனக்கல்
24.10.84

ராயம்மா,

இண்டூரில் உன் அம்மா வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது. மீன் சீசனும் முடிந்ததென்று மற்றவர்கள் பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டார்கள். நான் மட்டும் தினமும் போகிறேன். புது வலை கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கண்ணிலும் என் கை முழுதாக நுழையும்.

மீன் வறுக்கிற உசேன் பாய் நேற்று அதைத் தூக்கிப் பார்த்தார். "இதுல எந்த மீனுங்க நிக்கும்?" என்று கேட்டவர், வலையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எனக்கு டீ வாங்கிவந்தார்.

நம் சூசையின் பரிசல் ஆளில்லாமல் ஒதுங்கிய பாறையிலிருந்து ஆரம்பித்து, கீழே மடுவரைக்கும் வீசிவிட்டேன்.

பங்குச் சாமியார் வந்து, "சூசைக்கு ஆத்தும பூசை வெச்சிடலாம்பா" என்றார். ஆள் கிடைக்காமல் என்ன பூசை என்று கத்திவிட்டேன். பெரியவரிடம் அப்படிப் பேசியது தப்புதான். ஆனாலும் பூசைக்கு நான் சம்மதிக்கமாட்டேன், நீயும் கேட்காதே.

கல்லறைத் திருநாளுக்கு நீ எழுதியபடி இரண்டு மெழுகுவர்த்தி வாங்கிவிட்டேன். ஒன்று என் அப்பா கல்லறைக்கு. இன்னொன்றை எங்கே ஏற்றுவது ராயம்மா? அதை நீ எழுதவில்லையே.

இப்படிக்கு,
அவன் அப்பன்