ஏற்றமும் இறக்கமும் என் கையில்

ஆயக்குடி
6.1.2025

அன்புள்ள அன்னத்துக்கு,

அக்கா வீட்டில் சௌகரியமாக இருக்கிறேன். கொய்யா பறிப்பு நடப்பதால் சோலிக்குக் குறைவில்லை. நீ போனில் கூப்பிட்டால் எடுக்க மனம் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. டாக்டர் உன் குரல்வளையை எடுத்த பிறகு, நீ எழுதுவதைப் போன்தான் பேசுகிறது. பழைய பதிவுகளை வைத்துச் செய்த உன் குரலேதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சொல்கிறது. அன்றைக்குப் புதுச்சேலையில் உன்னைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்க" என்றேன். "போங்க" என்றது. யாரோ அந்நியனை விரட்டுவதுபோல இருந்தது. அதான் வந்துவிட்டேன். மாத்திரையை மறக்காதே.

அன்புடன்,
நாச்சிமுத்து

நாயுடுபுரம்
10.1.2025

என் அன்பான மாமாவுக்கு,

வெட்கப்பட்டுத்தான் "போங்க" என்று எழுதினேன். முப்பது வருஷமாக அப்படித்தானே சொல்கிறேன்? அது வெளியே வந்த விதம் எனக்கே திக்கென்றது. வேறு எழுதுவதற்குள் நீங்கள் படி இறங்கிவிட்டீர்கள்.

அந்தக் குரலைச் செய்து தந்த என் தங்கை மகள் ஸ்வேதாவிடம் சொன்னேன். "உணர்ச்சிய அதுவே கண்டுபிடிச்சுப் பேசும் பெரிம்மா" என்று புதிதாக ஒன்று அனுப்பினாள். பால்காரரிடம், "பால்ல தண்ணி ரொம்பக் கெடக்கு" என்றேன். அது கொஞ்சிக்கொண்டே சொல்லிற்று! மனுஷன் சிரித்துவிட்டுப் போய்விட்டார். "எனக்காக அது முடிவு பண்ண வேண்டாம்டி. ஏத்துறதும் எறக்குறதும் என் கையில இருக்கணும்" என்று அவளுக்கு எழுதிவிட்டேன்.

பொங்கலுக்கு வந்துவிடுவீர்கள்தானே?

உங்கள்
அன்னக்கொடி

நாயுடுபுரம்
3.2.2025

மாமாவுக்கு,

பதிலும் இல்லை, பொங்கலுக்கும் வரவில்லை. ஸ்வேதா நேரிலேயே வந்தாள். இப்போது நான் எழுதும் ஒவ்வொரு சொல்லின் தலைமேலும் ஒரு கோடு வருகிறது. விரலால் மேலே இழுத்தால் குரல் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். ஒரே வாக்கியத்துக்கு ஒரு காலைப்பொழுது போனது. கெஞ்சுவதுபோல வைத்துப் பார்த்தேன். "இதுதான் நல்லாருக்கு பெரிம்மா" என்றாள். அதை அழித்துவிட்டேன். ஒரு சொல்லுக்காக ஒரு மாசம் போய் உட்கார்ந்திருப்பவரிடம் நான் ஏன் கெஞ்ச வேண்டும்? உங்கள் போனுக்கு வேறொன்று அனுப்பியிருக்கிறேன். கேளுங்கள்.

அன்னக்கொடி

ஆயக்குடி
6.2.2025

என் அன்னத்துக்கு,

கேட்டேன். "எப்பத்தான் வீட்டுக்கு வருவீங்க?" அந்த 'எப்பத்தான்'இல் நீ எகிறியதைக் கேட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டேன். நாலு தரம் போட்டுக் கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாசமாக நீ என்னைத் திட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "ஏலே, அவ வையிறா, நீ என்னத்துக்குச் சிரிக்க?" என்றாள் அக்கா. சிரித்தேனா, அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

தப்பு என்னுடையது. நாளை வெள்ளனே பஸ் ஏறுகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் வந்து சேரும். இருந்தாலும் பிரித்துப் படி. இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு வராது.

நாச்சிமுத்து