பேஸ்ட் வைத்து அடைத்த ஓட்டை

நவம்பர் 4, திங்கள்

விடியலிலிருந்து தூறல். சாக்ஸ் காயவில்லை. ஈர சாக்ஸோடு பி.எட். வகுப்பு. குழந்தை உளவியல் நடத்தினார்கள். என் உளவியலைக் கேட்பார் இல்லை.

வகுப்பிலேயே மூத்த மாணவன் நான். நாற்பத்து மூன்று. அடுத்தவன் பழனிவேல், நாற்பது. இரண்டு பேரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள். நான் ஹவில்தார், அவன் நாயக். மற்றவர்கள் எல்லாம் நான் பட்டாளத்துக்குப் போன பிறகு பிறந்ததுகள். "மிலிட்டரி அங்கிள், நோட்ஸ் குடுங்க" என்று ஒரு பெண். அங்கிளே அடுத்தவனிடம் வாங்கித்தான் எழுதுகிறான், தாயே.

பெரிய செய்தி. குலுக்கலில் வீடு விழுந்துவிட்டது. சங்கராபுரம் சாலையில் அரசு கட்டியிருக்கும் மலிவு விலைக் குடியிருப்பு, முன்னாள் ராணுவத்தினருக்கு ஒதுக்கியதில் ஒன்று, இரண்டாம் மாடி. பழனிவேலும் போட்டிருந்தான். விழவில்லை. காத்திருப்பில் முதல் பெயர்.

"எவனாச்சும் வேணான்னு சொன்னா எனுக்குத்தாண்ணே. எல்லா சாமியாண்டயும் வேண்டிக்கினு இருக்கேன்."

"என்ன வேண்டற?"

"எவனுக்காச்சும் புத்தி கெட்டுப்போவணும்னு."

சிரித்தோம். அவன் இருப்பது மாவு மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை. மில் ஓடினால் சுவர் ஆடும். மூன்றாவது படிக்கிற மகளின் கையெழுத்து அதனால்தான் கோழி கிளறினாற்போல் இருக்கிறது என்று வாத்தியாரிடம் வாதாடியவன்.

எங்களுக்கும் அவசரம்தான். வீட்டுக்காரரின் மகனுக்குத் தையில் கல்யாணம். பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் செல்வியிடம் சொன்னேன். கண்ணீர், முத்தம் எதையாவது எதிர்பார்த்தேன். "ஆணி அடிக்கலாமாங்க?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பட்டாளத்துக் குவார்ட்டர்ஸில் ஆணி அடிக்க முடியாது. வீட்டை விடும்போது 'மார்ச்சிங் அவுட்' என்று ஓர் ஆய்வு. ஒவ்வொரு பல்பையும் எண்ணுவார்கள், சுவரைத் தடவுவார்கள், ஓட்டை இருந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அடித்தவர்கள் எல்லாரும் கிளம்புவதற்கு முதல் நாள் பற்பசை வைத்து அடைத்து, ரவிக்கைத் துணியால் துடைத்துவிடுவார்கள். அம்பாலாவில் ஒரு முறை கேன்டீனில் பச்சை ஜெல் பேஸ்ட் மட்டும்தான் வந்தது. புதுமாப்பிள்ளை ஜோரில் நான் அடித்த ஆணிகள். சுவரெல்லாம் பச்சைப் புள்ளி. ஆய்வுக்கு வந்த சுபேதார் மூக்கை வைத்து மோந்தார். "புதினா?" என்றார்.

அன்றோடு செல்வி ஆணியைத் தொட்டதில்லை. அம்பாலா, ஜபல்பூர், ஜோத்பூர் எல்லா ஊரிலும் எங்கள் கல்யாண போட்டோ கறுப்புப் பெட்டிமேல் சாய்ந்தே நின்றது. இங்கே வந்தால் வீட்டுக்காரம்மா முதல் நாளே, "எல்லாம் உங்க வூடு மாறி நெனச்சிக்கோங்க. ஆணி மட்டும் கூடாது." போட்டோ இப்போது ஃபிரிஜ்மேல். கதவைத் திறந்தால் இரண்டு பேரும் குப்புற விழுகிறோம்.

நவம்பர் 6, புதன்

மழை விட்டது. வீடு பார்க்கப் போனேன். செல்வி கச்சிராயபாளையத்தில் அக்கா வீட்டில். தனியாகத்தான்.

காட்டியது ஒரு இளம் பொறியாளர். மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டிருக்கிறது. கதவைத் திறந்ததும் சுண்ணாம்பும் ஈரச் சிமெண்டும் கலந்த வாசனை. ஜபல்பூரில் புதுக் குவார்ட்டர்ஸ் திறந்தபோது இதே வாசனைதான். செல்வி அன்று வெறும் தரையில் படுத்துப் புரண்டாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று. சின்ன அறைதான், ஆனால் டிசம்பரில் வெயில் நேராகப் படுக்கையில் விழும். பக்கத்து பஞ்சாபிக்காரி கதவைத் தட்டாமல் வந்து எங்கள் சாம்பாரைக் குடித்துவிட்டுப் போவாள், டீ மாதிரி, டம்ளரில்.

அந்த ஞாபகத்தில் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. குடிபோகும்போது 'மார்ச்சிங் இன்' செய்யாதவன் பட்டாளத்துக்காரன் இல்லை. உள்ளே நுழையும்போதே குறைகளை எல்லாம் சொல்லி எழுத வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போகும்போது நம் தலையில் கட்டுவார்கள்.

சமையலறைக் குழாய், வாஷர் இல்லை. கூடத்து ஸ்விட்ச் ஒன்று ஆடுகிறது. குளியலறைக் கொண்டி ஓட்டையில் சேரவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மயிரிழை விரிசல். பின்சுவரில் ஈரத்தடம், ஏறக்குறைய இலங்கை வடிவம்.

தம்பி முகம் சின்னதாகிக்கொண்டே போனது. "அப்ப உங்குளுக்கு வூடு திருப்தியில்லைங்களா சார்?"

"சொன்னதெல்லாம் அப்படியே எழுதிக்கோங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினார். போட்டேன். விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வேறு. பொறுப்பான குடித்தனக்காரன் என்று நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கும்.

வரும் வழியில் ஒரு அரைக் கிலோ ஜாங்கிரி.

நவம்பர் 10, ஞாயிறு

கற்பித்தல் பயிற்சிக்கு மலை ஏறினேன். வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளி. பழனிவேலுக்குக் கீழே, கச்சிராயபாளையத்துக்கு அருகிலேயே கிடைத்துவிட்டது. எனக்கு வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும் பஸ். பக்கத்தில் ஒரு மூட்டை கடுக்காய், அதன்மேல் ஒரு பாட்டி, அவள் மேல் என் தலை.

மேலே பனிமூட்டம். போனில் சிக்னல் செத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு தெரியும், பெருமூச்சு விட்டால் போய்விடும் என்றார் தலைமையாசிரியர்.

குளிர் சுகமாக இருக்கிறது. இந்த மாதிரிக் குளிரில்தான் பட்டாளத்துப் பாரக்கில் பெரிய அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவன் வீட்டுக் கடிதத்தை எல்லாரும் படிப்போம். எனக்கு வந்ததை நானே சத்தமாகப் படிக்க வேண்டும். செல்வி அதனாலேயே ஊறுகாய் போடும் முறை மட்டும் எழுதுவாள். கடைசி வரியில் உப்பு சேர்க்கவும் என்றிருந்தால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு முறை மூன்று இடத்தில் உப்பு.

நவம்பர் 12, செவ்வாய்

எட்டாம் வகுப்பு. வரலாறு. பாடத்தை விட்டுவிட்டு ஒரு பெண், "சார், நீங்க எத்தினி பேர சுட்டீங்க?"

உண்மையைச் சொன்னேன். நான் ஸ்டோரில் இருந்தவன். போர்வை எண்ணினேன், பூட்ஸ் எண்ணினேன். வகுப்பே துக்கத்தில் ஆழ்ந்தது.

அந்த நேரத்தில் வாசலில் பழனிவேல். தலையில் பாலித்தீன் பை, பேண்ட் முட்டிவரை நனைந்து. பஸ்ஸில் வாந்தி எடுத்த முகம்.

"வெளிய வாண்ணே. இன்னா பண்ணி வச்சிக்கிற நீ? போன் போட்டு போட்டு வெரலு தேஞ்சிபோச்சி."

விஷயம் இது. இன்று காலை குடியிருப்பு அலுவலகத்திலிருந்து அவனுக்குப் போன். ஒருவர் வீட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், அடுத்த பெயர் நீங்கள், புதன் மாலைக்குள் வந்து சம்மதம் சொல்லுங்கள்.

"யாருங்க வேணான்னதுன்னு கேட்டேன். பேர சொல்லமாட்டேன்னாங்க. மிலிட்டரிக்காரரு, கொழாய்ல வாஷர் இல்ல, கொண்டி சேரலன்னு வரிசையா கொற சொல்லி கையெழுத்து போட்டுட்டு சல்யூட் அடிச்சிட்டு போனாருன்னாங்க. நீ மார்ச்சிங் இன் பண்ணிக்கிறன்னு தெரிஞ்சிப்போச்சி. அவங்களுக்கு இன்னாண்ணே தெரியும்?"

பொங்கலுக்குப் பிறகு எங்கே போவது என்பதைவிட, செல்வியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் முதலில் வந்தது.

"உடனே கிளம்பி வந்துட்டியா?" என்றேன்.

பையைக் கழற்றி உதறினான்.

"இல்லண்ணே. போன வச்சிட்டு ஒரு டீ சொன்னேன். அந்த டீ முடியிற வரைக்கும் வூடு எனுதுதான். பாப்பாவுக்கு ஜன்னலாண்ட எடம்கூட ஒதுக்கிட்டேன். அப்புறம் கிளாஸ வச்சிட்டு பஸ் ஏறிட்டேன்."

தலைமையாசிரியரிடம் விடுப்பு. அதே பஸ்ஸில் இறங்கினோம். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்குவது போல நடித்தோம்.

நவம்பர் 13, புதன்

மேகம். அலுவலகத்தில் மூவரும். நான், செல்வி, பழனிவேல். செல்வி வழி முழுக்கப் பேசவில்லை. இதுவே கடிதமாக இருந்தால் ஒரு படி உப்பு.

கண்காணிப்பாளர் ஒரு அம்மா. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். அந்த மீசைத் தம்பி பக்கத்தில்.

"வேணும்னா எதுக்கு சார் இவ்ளோ கொற எழுதுனீங்க?"

"அது குறை இல்லைங்க மேடம். மரியாதை. எங்க ஆளுங்க வீட்டுக்குள்ள போனா அப்படித்தான்."

அவருக்குப் புரியவில்லை. மார்ச்சிங் இன், அவுட், சுபேதார், புதினா எல்லாம் சொன்னேன். தம்பி குனிந்து சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. பழனிவேலைப் பார்த்தார்.

"அடுத்த பேரு நீங்கதானே. நீங்க வேணாங்கிறீங்களா?"

"வூடு வேணும் மேடம்."

செல்வி என் சட்டையைப் பிடித்தாள்.

"இந்த வூடு வேணாம். இது அவுருது. என் பேரு அடுத்ததுக்கு அப்டியே இருக்கட்டும்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுதியதன் மேல் குறுக்கே ஒரு கோடு. வாஷர் மட்டும் போட்டுக் கொடுத்துவிடும்படி தம்பியிடம் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். சல்யூட் அடிக்கவில்லை.

எழுந்து வெளியே வரும்போது செல்வி முதல் முறையாக வாயைத் திறந்தாள். என்னிடம் இல்லை, அவரிடம். "மேடம், ஆணி அடிக்கலாங்களா?"

"உங்க வூடுதானம்மா," என்றார் அவர், எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாமல்.

டிசம்பர் 12, வியாழன்

நல்ல வெயில். பால் காய்ச்சினோம். பொங்கியது. புதுக் குழாய் சொட்டவில்லை. கொண்டி இன்னும் சேரவில்லை. இலங்கை அப்படியே.

பழனிவேல் மனைவியோடும் மகளோடும் வந்தான். கையில் சுத்தியல், ஒரு ஆணி. மாட்டையே கட்டலாம், அவ்வளவு பெரியது. "மொத ஆணி நான்தான் அடிப்பேன். மலை ஏறுனதுக்குக் கூலி." காத்திருப்பில் இன்னும் முதல் பெயர். அலுவலகத்தில் விசாரித்தானாம். பார்க்கலாம் என்றார்களாம்.

பாப்பா வீட்டுப்பாடத்தோடு நேராகப் போய் ஜன்னலடியில் உட்கார்ந்தது. யாரும் காட்டவில்லை. பழனிவேல் ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"எங்க அடிக்கணும் அண்ணி?"

செல்வி கூடத்து நடுவில் போட்டோவை மார்பில் அணைத்துக்கொண்டு நிற்கிறாள். மேலே என்றாள். கீழே என்றாள். இடப்பக்கம். இத்தனை வருஷம் யோசித்து வைத்த இடம் இப்போது தெரியவில்லை போல. கடைசியில் விரலை வைத்தாள்.

அடித்தான். சுவர் அதிர்ந்தது.

"இங்கயும் ஆடுதுப்பா," என்றது பாப்பா, நோட்டைத் தூக்கிக் காட்டி.

எல்லாரும் சிரித்தோம். பழனிவேல் சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அடுத்த அடி தவறி ஆணி வளைந்தது, ஒரு துண்டு சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. வளைந்த ஆணியை நிமிர்த்திப் பக்கத்தில் அடித்துப் போட்டோவை மாட்டினோம். ஓட்டை மறையவில்லை. செல்வியின் தோளுக்கு அருகில், பளிச்சென்று.

நான் எழுந்தேன்.

"எங்க போறீங்க?" என்றாள் செல்வி.

"பேஸ்ட் எடுக்க."

"உக்காருங்க."