பெங்களூருக்குப் போன பையன்

மாப்ளே,

இன்று மத்தியானம் சாம்பிராணி வாசம் வந்தது. வீட்டில் யாரும் சாம்பிராணி போடவில்லை. என் மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். அறையில் நானும் உன் கம்ப்யூட்டரும் மட்டும்தான். அதைப் போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். சூடேறியதும் பின்பக்க விசிறியிலிருந்து அந்த வாசம் மெல்லக் கிளம்பி வந்தது. அதற்கப்புறம் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். நீ இருந்தபோது ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாதவன், இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறான். திட்டுவதானால் திட்டிக்கொள்.

சேலத்தில் பாலிடெக்னிக் படித்தபோது, வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு பிரவுசிங் சென்டரில் கார் ரேஸ் ஆடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? கடைசிச் சுற்றில் போய்க்கொண்டிருப்போம், கொடுத்த காசுக்கு நேரம் முடிந்து திரை கறுத்துப் போகும். "ஒரு ரேஸாச்சும் முழுசா முடிக்கோணும்டா" என்று வெளியே வரும்போதெல்லாம் சொல்வாய். முப்பத்தாறு வயதில், கடையும் குடும்பமுமாக ஆன பிறகு, அதே பேச்சை மறுபடி எடுத்தாய். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர், பார்ட் பார்ட்டாக நாமே வாங்கிப் பூட்டுவது, நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது.

உன் கடை பில்லின் பின்பக்கத்தில் நீ எழுதிய பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிராசஸர் நடுத்தரமானது போதும், அதை ஒரு வருஷம் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்றாய். ரேம் மட்டும் பதினாறு ஜிபிக்குக் குறையக் கூடாது என்றாய். பவர் சப்ளை புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பாடி கட்டும் பட்டறையில் லாரிக்கு வயரிங் செய்கிறவன் நான், கரண்ட் விஷயத்தில் பழசை நம்ப மாட்டேன். கேபினட்டில் வந்துதான் சண்டை. கலர் விளக்கு எரிகிற கண்ணாடிப் பெட்டி வேண்டும் என்றாய். "தகரப் பெட்டி போதாதாடா?" என்றதற்கு, "லாரிக்கெல்லாம் சீரியல் லைட்டு கட்டி உடறவன், எனக்குன்னா மட்டும் கஞ்சத்தனம் பண்றயா?" என்றாய். நீதான் ஜெயித்தாய்.

கேம் படத்தைத் திரையில் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டுதான் குறுக்கே நின்றது. புதிதாக வாங்கினால் பாதிப் பணத்தை அதுவே தின்றுவிடும். பழசு வாங்கலாம் என்றேன். பழைய லாரிச் சாமான் வியாபாரம் செய்கிறவனுக்கு அதில் என்ன கூச்சம் என்று நினைத்தேன். ஆனால் நீ உடனே உன் கடை வழக்கத்தைப் பேச ஆரம்பித்துவிட்டாய்.

உங்கள் கடையில் எந்தச் சாமான் வந்தாலும் முதல் கேள்வி விலை அல்ல. "எந்த வண்டி? என்ன ஆச்சு?" விலையில் ஆயிரம் புளுகலாம், அதற்கு மட்டும் யாரும் பொய் சொல்வதில்லை. உயிர் போன வண்டியின் சாமான் என்றால் கொல்லைப்புறம் தனியாகத் தார்ப்பாய்க்குள் கிடக்கும். தெரிந்தே கேட்டு வருகிறவருக்கு மட்டும் எலுமிச்சம்பழம் வெட்டி, கறுப்புக் கயிறு கட்டிக் கொடுப்பீர்கள். "சொல்லிப்போட்டுப் பூட்டுனா அது வெறும் சாமான். சொல்லாமப் பூட்டுனா அது வேறடா" என்பாய். கார்டுக்கும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வரச் சொல்லித்தான், பழைய கார்டு விற்பதாக விளம்பரம் போட்டிருந்த சேந்தமங்கலம் வீட்டுக்கு என்னை அனுப்பினாய். அன்றைக்கு உனக்கு லோடு இறங்க வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் ஓர் அம்மா மட்டும் இருந்தார்கள். கூடத்தில் சாம்பிராணிப் புகை. அதற்குள் ஒரு போட்டோ, புது மாலை, இருபது வயதுகூட இருக்காது. நான் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கார்டை ஒரு டீ சர்ட்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "ஆடுற ஊட்டுக்குத்தானுங்களே போவுது? சும்மா மட்டும் கெடக்கக் கூடாதுங்க. அவனுக்குப் புடிக்காது" என்றார்கள். நாம் பார்த்ததிலேயே நல்ல கார்டு, நாம் நினைத்ததைவிட மலிவு. நாலு மாதமாக அந்தப் பட்டியலைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்த உன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

கடைக்கு வந்ததும் கேட்டாய். "யாரோடதுடா? ஏன் விக்கிறாங்களாமா?"

"காலேஜ் பையன். பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான்" என்றேன்.

நீ கார்டை மூக்கருகே கொண்டுபோனாய். "சாம்பிராணி வாசம் அடிக்குது."

"பூசை ரூமுக்குப் பக்கத்துல வெச்சிருந்தாங்க போல."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஒரு மாதம் போயிருக்கும். "ஆடறப்ப பக்கத்துல யாரோ மூச்சு உடறாப்பல இருக்குதுடா" என்றாய். விசிறிச் சத்தம் என்றேன். தனியாக ஆடுகிற ரேஸில் எப்போதும் ஒரு கார் உனக்கு முன்னால் போகிறது என்றாய். சிரித்துத்தான் சொன்னாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தபோது மேஜையில், ஆடும்போது கையில் பிடிக்கிற கன்ட்ரோலர் இரண்டு இருந்தன. ஒன்று புதிது, இன்னொன்று பிடிகள் தேய்ந்துபோன பழசு. உன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. யாருக்கு என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பெங்களூருப் பையன் வந்தா ஒண்ணு வேணுமல்ல?" என்றாய். அந்த நாற்காலியில் உட்காரப் போனேன். "அதுல வேண்டாம், கட்டில்ல உக்காரு" என்றாய்.

ஆறே மாதம். காலையில் கடை ஷட்டரைத் தூக்கியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய் என்று போன் வந்தது. ரத்தக்குழாய் அடைப்பு என்றார் டாக்டர். என் காதில் ஏறவில்லை. சொல்லாமல் பூட்டினேன், அதுதான் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று எனக்குள் ஒரு குரல். சுடுகாட்டில் கொள்ளிக்குடம் உடைந்த சத்தத்தில்கூட அதுதான் கேட்டது. உன் வீட்டுப் பக்கமே மூன்று மாதம் நான் போகவில்லை. உன் மனைவிதான் கூப்பிட்டு அனுப்பினாள்.

"ஏனுங்ணா, இந்தக் கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயிருங்க. இது உங்களுக்குத்தான்னு அவரு சொல்லிட்டே இருப்பாரு. அவரு போனதுல இருந்து நானும் போடறதில்ல, ஆரையும் தொட உடறதில்ல" என்றாள். இரண்டு கன்ட்ரோலரையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். பழையது எங்கே வாங்கினான் என்று கேட்டேன்.

"அது வாங்கலீங்ணா. கார்டு வந்த மறுவாரமே சேந்தமங்கலம் போனாரு. அந்த அம்மா குடுத்தாங்களாமா, அவங்க பையனுதுன்னு. ஏனுங்க இப்படிச் செத்த பையன் சாமானைக் கொண்டாந்து வெக்கிறீங்கன்னு சத்தம் போட்டேன். கார்டுங்கூட அவனுதுதான், தெரிஞ்சுதான் வெச்சிருக்கறேன்னாரு. உங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னாரு. எனக்காவத்தான் பொய் சொன்னான், எனக்குத் தெரியும்னு சொன்னா அழுதுருவான் அப்படீன்னாரு."

வீட்டுக்கு வந்து கேபினட்டைக் கழற்றினேன். கார்டின் ஓரத்தில் கறுப்புக் கயிறு, விசிறியில் படாமல் மூன்று முடிச்சு. பெட்டியின் அடியில் காய்ந்து சுருங்கிய எலுமிச்சம்பழம், இரண்டு பாதியாக. முறைப்படி எல்லாம் செய்திருக்கிறாய், என்னிடம் மட்டும் கேட்காமல். நீ சொன்னபடியே அழுதேன் மாப்ளே.

முதல் தடவை போட்டபோது உன் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டேன். பழையதை மேஜையில் வைத்திருந்தேன். இரண்டாவது ஆள் பொத்தானை அமுக்கினால்தான் திரை இரண்டாகப் பிரியும். நான் அதைத் தொடவில்லை. பிரிந்தது. பயந்து ஸ்விட்சை அணைத்தேன். பழைய பொத்தான், சிக்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. உன்னுடையதை நான் வைத்துக்கொண்டால் நீ எதை வைத்து ஆடுவாய்?

போன வாரம் சேலம் போய், மூன்றாவதாக ஒன்று வாங்கி வந்தேன். இன்று மத்தியானம் உன்னுடையதை ஒரு நாற்காலிக்கு முன்னால் வைத்தேன், பழையதை இன்னொரு நாற்காலிக்கு முன்னால். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். பெட்டி சூடேறி அந்த வாசம் வந்தது. முதலில் அந்தப் பையனிடம்தான் பேசினேன். "உன்னைப் பெங்களூருக்கு அனுப்பி வெச்சது நாந்தான் சாமி, மன்னிச்சுக்கோ" என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் உன் நாற்காலியைப் பார்த்தும் சொன்னேன். பிறகு என் பொத்தானை மட்டும் அமுக்கினேன்.

திரை மூன்றாகப் பிரிந்தது. ஆள் இல்லாத காரைக் கம்ப்யூட்டரே ஓட்டும்படி ஓர் அமைப்பு உண்டாம், பட்டறையில் ஒருவன் முன்பே சொல்லியிருந்தான். இருக்கட்டும். இந்தத் தடவை நான் அணைக்கவில்லை. கடைசிச் சுற்று வரைக்கும் போய், ரேஸை முழுசாக முடித்தேன்.

மூன்றாவதாகத்தான் வந்தேன்.