பீமுக்குள் கடல் மண்

செப். 3, புதன்

மேற்கிலிருந்து காய்ந்து வீசும் கச்சான் காற்று. கோயில் வாசலெல்லாம் புழுதி. செய்ய வேண்டியவை: பாட்டுப் புத்தகங்களுக்கு உறை, மணிக்கூட்டுக்குப் பற்றரி, சபை வரலாறு (4 பக்.). ஞாயிறு ஆண்டு விழாவில் நானே வாசிக்க வேண்டுமாம். பென்சன் எடுத்த டீச்சர் ஒருத்தி கிடைத்தால் விடுவார்களா!

முதல் பக். சரி. மலைநாட்டிலிருந்து வந்த ஏழு லுத்தரன் குடும்பங்கள், கிடுகுக் கொட்டில், பிறகு ஓட்டுக் கட்டடம். அதைச் சுனாமி கொண்டுபோனது. அடுத்த பக்.: புதிய கோயில் 'சிறப்பாக' எழும்பியது. அந்தச் சொல்லை மூன்று தரம் வெட்டினேன்.

செப். 5, வெள்ளி

பூச்சு வேலைக்கு ஜப்பார் மேசன், சாய்ந்தமருதிலிருந்து. பாட்டுப் பிள்ளைகள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே உள்ள பீமைச் சுத்தியலால் தட்டினார். பெரிய துண்டு விழுந்தது. உள்ளே கம்பி முழுக்கத் துரு, தூளாய்.

"டீச்சர், இது கடல் மண் போட்ட கொங்கிரீட். உப்பு கம்பியத் திண்டிரிக்கு. ஆரு போட்ட?"

"தெரியாதே ஜப்பார் காக்கா."

ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது அவருக்கு. சைக்கிளில் ஏறிக்கொண்டு, "புள்ளயள இதுக்குக் கீழ நிப்பாட்டாதீங்க. பாஸ்டர்ட்ட சொல்லிருங்க."

சொல்லவில்லை.

தெரியாதாம்! கட்டடக் குழுச் செயலாளர் அன்றைக்கு நான்தான். ஆற்று மண் லொறி வரவில்லை. நத்தார்ப் பண்டிகைக்குள் முடிக்கும் அவசரம். கடற்கரையிலிருந்து இரண்டு ட்ரக்டர் மண் எடுப்பித்ததும் நான். கல்வெட்டில் என் பெயர்.

செப். 6, சனி

பிள்ளைகள் அதே இடத்தில் நின்று பாடிப் பழகினார்கள். பதினொரு பேர். பாட்டு காதில் ஏறவில்லை, பீமையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்டரிடம் போனேன். "என்ன டீச்சர், வரலாறு முடிஞ்சிதா?" "ஓம்." திரும்பி வந்துவிட்டேன். வெட்கம் கெட்டவள்.

செப். 7, ஞாயிறு

விடிந்ததும் போனேன். கோயில் கதவைப் பூட்டிய திறப்பு என் கைப்பைக்குள். சனம் சேர்ந்ததும், "திறப்பக் காணல்ல" என்றேன். வேப்பமரத்தடியில் ஆராதனை வைத்துவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு.

பாஸ்டர் சிரித்தார். "பயப்படாதீங்க டீச்சர், என்னட்ட மத்தத் திறப்பு இரிக்கு." பிள்ளைகள் அவருக்குப் பின்னால் வரிசையாக.

கதவுக்குக் குறுக்கே நின்றேன்.

"உள்ளுக்குப் போகாதீங்க. பீம் விழும். அது கடல் மண். நான்தான் போடச் சொன்ன."

பாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமலே, "பாயை எடுத்து வெளியில விரிங்க" என்றார்.

வரலாறு வாசிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. பிள்ளைகள் மரத்தடியில் பாடினார்கள். எண்ணினேன். பதினொரு பேர்.